கட்சி மாறியது குற்றமல்ல, களம் நீங்கியதே பிழை

கட்சி மாறியவர் என்றாலே பச்சோந்தி என்று முத்திரை குத்திவிடுகிறோம். சிங்கப்பூர் அரசியல்வாதி மருத்துவர் லீ சியூ சோவுக்கு அந்த முத்திரை பொருந்தாது. 1959இல் மக்கள் செயல் கட்சி வேட்பாளராகக் குவீன்ஸ்டவுனில் வென்றவர் அவர். 1961 ஜூலையில், அரசு மீதான நம்பிக்கைத் தீர்மானம் குறித்து விடிய விடிய நடந்த விவாதத்தின் முடிவில், ஆளுங்கட்சியினர் 13 பேர் வாக்களிக்காமல் விலகி நின்றனர். லீயும் அவர்களில் ஒருவர். அதற்கு விலையாக நாடாளுமன்றச் செயலாளர் பொறுப்பை இழந்து, புதிய பாரிசான் சோசலிஸ் கட்சிக்குத் தலைமையேற்றார். பதவிக்காகத் தாவுகிறவர் ஆளுங்கட்சியிலிருந்து எதிர்வரிசைக்குப் போகமாட்டார்.

ஒரு கட்சியின் பெயரில் வாங்கிய வாக்கை இன்னொரு கட்சிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்பது நியாயமே. கட்சியை விட்டு விலகினால் இடமும் காலியாகும் என்று பிறகு வந்த சிங்கப்பூர்ச் சட்டம் அதற்குத்தான் பதில் சொல்கிறது. ஆனால், அன்று மாறியவர்களும் வாக்காளரைச் சந்திக்காமல் தப்பிவிடவில்லை. அந்த 13 பேரில் ஒருவரான வோங் சூன் ஃபோங், பாரிசான் வேட்பாளராக 1963இல் நின்றபோது, தோ பாயோ தொகுதி அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தது. ரோச்சோரில் நின்ற லீயோ ஆளுங்கட்சியின் தோ சின் சாயிடம் 89 வாக்குகளில் தோற்றார். ஒருவருக்கு ஆம், இன்னொருவருக்கு இல்லை என்று தொகுதிக்குத் தொகுதி எடைபோட மக்களுக்குத் தெரிந்திருந்தது.

லீயின் உண்மையான பிழை அதற்குப் பிறகு வந்தது. அவர் தலைமையில் பாரிசான் நாடாளுமன்றத்தைப் புறக்கணித்தது. 1968 தேர்தலிலும் ஒதுங்கிக்கொண்டது. 58 இடங்களும் ஆளுங்கட்சிக்கே போயின. 1963 பிப்ரவரியிலேயே பாரிசான் தலைவர்கள் பலர் சிறைப்பட்டுவிட்ட நிலையில் நாடாளுமன்றத்தால் என்ன பயன் என்று அன்று கேட்டவர்களின் கோபம் புரிகிறது. ஆனாலும், சிறைப்பட்டவர்களுக்காகக் கேள்வி கேட்கக்கூட அவையில் ஆளில்லாமல் போனதுதான் மிச்சம்.

1988இல் பாரிசான் பாட்டாளிக் கட்சியில் இணைந்தது. யூனோஸ் குழுத்தொகுதியில் 49 விழுக்காட்டுக்குச் சற்று மேல் வாக்கு பெற்றும் தோற்ற லீ, தோற்ற எதிர்க்கட்சியினருக்கு வழங்கப்படும் தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர் பதவியை ஏற்றார். 1984 தேர்தலுக்குப் பிறகு பிறர் வேண்டாமென்று மறுத்த பதவி அது. ஆறுதல் பரிசு என்ற ஏளனத்தில் ஓரளவு உண்மையுண்டு. ஆனால் வெளியே நின்று காத்த கௌரவத்தைவிட, உள்ளே சென்று எழுப்பும் கேள்வி பெரிது என்பதை எழுபது வயதில் செயலில் காட்டினார் லீ. கட்சி மாறுகிறவர்களைப் பார்த்து நாம் கேட்க வேண்டியவை இரண்டு: மாறியதால் என்ன இழந்தார்கள்? மாறிய பின் மக்களுக்காக அவையில் நின்றார்களா? முதல் கேள்வியில் 1961லேயே தேறிய லீக்கு, இரண்டாவதில் தேற 27 ஆண்டுகள் ஆயின.