ஈயம் போய் இலிதியம்

சம்பூரிலிருந்து பழைய மாணவர் ஒருவர் சென்ற வாரம் வந்திருந்தார். தம் அமெச்சூர் வானொலிக் கருவியின் ஈய அமில பற்றரியை இளைக்க இளைக்கத் தூக்கி வந்து, "ஐயா, இதற்குப் பதில் இலிதியம் போடலாமா?" என்று வினவினார்.

தாராளமாகப் போடலாம். 1859-ல் பிரான்சு தேசத்துப் பிளான்டே கண்ட ஈய மின்கலம் நம்பத்தக்கதே. எனினும் பாரம் மிகுதி. பாதிக்குமேல் அடிக்கடி வடித்தால் ஆயுளும் குன்றும். இலிதியம் இரும்புப் பொஸ்பேற்றுக் கலம் ஒன்று 3.2 வோல்ற்று. நான்கைத் தொடராய்ப் பிணைத்தால் 12.8; பன்னிரண்டு வோல்ற்றுக் கருவிக்கு அளவெடுத்தாற்போல் பொருந்தும். எடையோ ஏறக்குறையப் பாதிதான். கைத்தொலைபேசி வகைக் கலங்கள் மூன்றைப் பிணைத்தால் 11.1 தான் கிட்டும்; சில கருவிகள் அதற்கு முரண்டு பிடிக்கும்.

இடர் பழைய மின்னேற்றியில் இருக்கிறது. ஈயத் தகட்டில் படியும் சல்பேற்றைக் கரைக்கவென்று சில மின்னேற்றிகள் இடையிடையே வோல்ற்றை உயர்த்திச் செலுத்தும். இலிதியத்துக்கு அது நஞ்சு. அறிவியல் படித்த நானே அப்படி ஒரு பொதியைப் பாழாக்கியவன்! 14.6 வோல்ற்றைத் தாண்டாத மின்னேற்றியும், கலங்களைக் காக்கும் மின்சுற்றும் இன்றியமையாதவை.

விளையாட்டுக் கருவிக்கு இவ்வளவு கவலையா என்பீர்கள். 2004 திசெம்பர் 26-ல் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, போர்ட் பிளேயரிலிருந்து பாரதி பிரசாத் என்னும் பெண்மணி அமெச்சூர் வானொலி வாயிலாகவே வெளியுலகுக்குச் செய்தி அனுப்பினார். அதே அலை திருகோணமலைக் கரையிலும் ஏறியது. மாணவரின் வீடு கடலுக்கு அண்மையில்தான்.

முதலில் மின்னேற்றியை வாங்கும்படி சொல்லியனுப்பினேன். பழைய பற்றரியைப் பழைய இரும்புக் கடையில் கொடுக்கவும் சொன்னேன்; கிணற்றடியில் போட்டுவிடக் கூடாதல்லவா?