பஞ்சு பூத்த மீன்

பிள்ளைகள் ஆசையாய் வாங்கிவரும் கப்பியும் தங்கமீனும் சில நாளில் உடம்பில் பஞ்சு ஒட்டியதுபோல் ஆகி, துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்குவதுண்டு. "சீக்கு மீன், கால்வாயில் கொட்டு" என்று சொல்லாதீர்கள். நோய் மற்ற நீர்நிலைக்கும் போகும்; பிள்ளையின் மனமும் நோகும். தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலும் பிழைக்க வைக்கலாம்.

இது பூசணம். சாப்ரோலெக்னியா என்னும் நீர்ப்பூசணமே பெரும்பாலும் காரணம். இதன் வித்துகள் குளம், தொட்டி எங்கும் உண்டு. நலமான மீனை அதன் மேலுள்ள வழவழப்பே காக்கும். வலையில் உரசிய காயம், சண்டையில் கிழிந்த துடுப்பு, அழுக்குத் தண்ணீர் ஆகியவற்றால் அந்தக் காப்பு கெட்டால் பூசணம் பற்றிக்கொள்ளும்.

முதலில் நோயைப் பிரித்தறியுங்கள். பஞ்சுபோல் புசுபுசுவென்று நின்றால் பூசணம். உப்பைத் தூவியதுபோல் சிறு புள்ளிகள் தெரிந்தால் வெண்புள்ளி நோய். அது ஒட்டுண்ணியால் வருவது. வாயோரம் வெளுத்து, ஓரிரு நாளில் அரித்துக்கொண்டே போனால் பெரும்பாலும் பாக்டீரியா நோய். இவை மூன்றுக்கும் ஒரே மருந்து உதவாது.

பூசணம் என்று தெரிந்தால் மீனைத் தனி வாளிக்கு மாற்றுங்கள். 1 லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் வீதம் கல்லுப்பை நிறுத்து, கரைத்து, ஒரே நாளில் மூன்று தவணையாக ஊற்றுங்கள். தினமும் கால் பங்கு தண்ணீரை மாற்றி, புதுத் தண்ணீருக்கு மட்டும் அதே அளவு உப்பு சேருங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்யலாம். கெளுத்தி இனங்கள் உப்பைத் தாங்குவது குறைவு. அவற்றுக்குப் பாதி அளவே போதும். குணம் தெரியாவிட்டால் மெத்திலீன் புளூ வாங்கி, புட்டியில் உள்ள அளவுப்படி வாளியில் மட்டும் விடுங்கள். தொட்டியில் விட்டால் வடிகட்டியிலுள்ள நல்ல கிருமிகளும் மடியும்.

குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது. குளோரின் மட்டும் கலந்த தண்ணீரைத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தால் போதும். சிங்கப்பூர்த் தண்ணீரில் குளோரமின் உண்டு. அது தானாகப் போகாது, அதற்குரிய சொட்டு மருந்து வேண்டும்.

புது மீனை இரண்டு வாரம் தனியே வைத்துப் பாருங்கள். மிஞ்சிய தீனியை அன்றே எடுத்துவிடுங்கள். வாரந்தோறும் தண்ணீர் மாற்றும் பொறுப்பைப் பிள்ளையிடமே கொடுங்கள். வாயில்லா உயிரைக் காக்கப் பழகிய கை, நாளை மனிதருக்கும் உதவும்.