மனப்பாடம் பண்ணினா புரோகிராமர் ஆயிடலாமா?

"சார், மொதல்ல எந்த லேங்வேஜ் கத்துக்கணும்?" நாம பொட்டி தட்டுறவன்னு தெரிஞ்சதுமே ஊர்ல எல்லாரும் கேக்குற கேள்வி இது. கேள்வியே தப்புங்கிறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க மக்கா.

2018ல பதினொண்ணாவதுக்கும் 2019ல பன்னெண்டாவதுக்கும் புதுப் பாடத்திட்டம் கொண்டு வந்தாங்க. அங்க சி பிளஸ் பிளஸ், இங்க பைத்தான். நல்ல மாற்றம்தான். ஆனா படிக்கிற விதம்? புரோகிராமைச் செய்யுள் மாதிரி உருப்போட்டு, அரைப்புள்ளி முதற்கொண்டு ஒப்பிக்கிறது. நான் படிச்ச காலேஜ்ல (பேரு வேணாம்) லேப் பரீட்சையில ஃபார் லூப்புக்குப் பதிலா வைல் லூப் போட்டேன். விடை சரியா வந்துச்சு. "ரெக்கார்டுல இப்படி இல்லையே"ன்னு மார்க்கை வெட்டிட்டாங்க!

நிற்க. தாராசுரத்துக்கு வாங்க. இரண்டாம் ராஜராஜன் கட்டின கோயிலைப் பாக்க இல்ல, பட்டுத் தறியைப் பாக்க. தறிக்கு மேல ஜக்கார்டு பெட்டி, அதுல கோத்துத் தொங்குற ஓட்டை போட்ட அட்டைகள். மிதியை மிதிச்சா ஒரு அட்டை வந்து உக்காரும். ஓட்டை இருக்கற எடத்துல கொக்கி மேல போகும், இல்லாத எடத்துல போகாது. தூக்கின பாவு நூலுக்கு நடுவுல நாடா ஓடும். ஒரு ஊடைக்கு ஒரு அட்டை. கடைசி அட்டை முடிஞ்சா மறுபடி முதல் அட்டை. லூப்புங்க, லூப்பு!

இப்ப ஒரு புட்டாவுல தப்பு வருதுன்னு வைங்க. ஒவ்வொரு புட்டாவுலயும் அதே வரியில வந்தா, அட்டையில கோளாறு. நெட்டுக்கக் கோடா எறங்கினா, கொக்கியிலயோ அதுல கட்டின நூல்லயோ கோளாறு. ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போச்சுன்னா, மிதிச்சவர் காலைப் பாக்கணும். தப்பு எப்படித் திரும்ப வருதுன்னு பாத்தே எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கிறது. இதுக்குத்தான் நாம டீபக்கிங்னு பேர் வச்சு சம்பளம் வாங்குறோம்.

"அப்போ நெசவாளர் எல்லாம் புரோகிராமரா?"ன்னு கேப்பீங்க. இல்ல. பிரான்ஸ்ல ஜக்கார்டு 1804ல காப்புரிமை வாங்கின அந்தப் பெட்டிக்கு வரிசையாப் போகத்தான் தெரியும். வந்த விடையைப் பாத்து 'இப்படின்னா இங்க போ, இல்லாட்டி அங்க போ'ன்னு முடிவெடுக்கத் தெரியாது. அதே அட்டையை எடுத்து, அந்த முடிவெடுக்கற வேலையையும் சேத்து 1830கள்ல கணக்குப் பொறிக்குத் திட்டம் போட்டவர் பாபேஜ். அந்தப் பொறி முழுசாக் கட்டி முடிக்கப்படவே இல்ல. ஆனா தறிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் அந்த 'இப்படின்னா'தான். நம்ம வகுப்புல சொல்லித்தர வேண்டியதும் அதேதான். மனப்பாடம் பண்ற பையனை நாம ஜக்கார்டு பெட்டியாத்தான் ஆக்குறோம். தறியில உக்காந்திருக்கறவர் அதை விட மேல, தப்பு வந்தா யோசிக்கிறாரு.

எனக்கு வயித்தெரிச்சல் இதுலதான். "தறி என்னோட போகட்டும், நீ கம்ப்யூட்டர் படி"ன்னு கடன் வாங்கிப் பையனை அனுப்புறாரு அப்பா. ஓட்டை-அட்டை கணக்கைப் பொறந்ததுலேர்ந்து பாத்து வளந்த பையன் அவன். வகுப்புல யாரும் அதைத் தொட்டுக்கூடச் சொல்றதில்ல. இங்கிலீஷ் வரலை, கம்ப்யூட்டர் நமக்கு ஆகாதுன்னு அவனே முடிவு பண்ணிக்கிறான். பாடம் புரியாம இல்லீங்க, பாடமே நடக்கலை.

இப்போ ஏஐ வந்து, கேட்டா கோடு எழுதிக் குடுக்குது. ஒப்பிக்கிறதுல அதை யாரும் ஜெயிக்க முடியாது. அது குடுத்ததுல எந்த அட்டை தப்புன்னு கண்டுபிடிக்கிற ஆள்தான் வேணும்.

அதனால வாத்தியார்களே, பரீட்சையில புரோகிராம் எழுதச் சொல்லாதீங்க. தப்பு இருக்கற புரோகிராமைக் குடுத்து, எங்க தப்பு, ஏன் தப்புன்னு கேளுங்க. தமிழ்ல பதில் சொன்னாலும் மார்க் போடுங்க. லேங்வேஜ் எதுவா இருந்தா என்ன, ரெண்டு மாசத்துல தானா வரும்.

இல்ல, மனப்பாடம்தான் அடிப்படைன்னு சொல்றவங்க வாங்க, பேசித் தீத்துக்கலாம். வரும்போது ரெக்கார்டு நோட்டை மட்டும் வீட்டுலயே வச்சுட்டு வாங்க :-)