கப்பல் ஏன் ஓடிப்போய்ச் சும்மா நிற்கிறது?

பி.காம். பசங்களுக்கு ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்றால் ஒரு கட்டம்தான் ஞாபகம் வரும். மூன்று ஆலை, நாலு கிடங்கு, நார்த் வெஸ்ட் கார்னரில் ஆரம்பித்து நிரப்பு, பத்து மார்க்கை வாங்கிக்கொண்டு போ. அந்தக் கணக்குக்குக் கப்பலோடு உறவு உண்டு என்று என் நோட்ஸில் ஒரு வரிகூட இல்லை.

இரண்டாம் உலகப்போர் சமயத்தில் வாஷிங்டனில், பிரிட்டிஷ் வணிகக் கப்பல் குழுவில் வேலை பார்த்தவர் கூப்மன்ஸ். காலிக் கப்பல்களை எங்கிருந்து எங்கே அனுப்பினால் வீண் ஓட்டம் குறையும் என்று மண்டையை உடைத்துக்கொண்டார். 1975-ல் நோபல் வாங்கினார். 1954-லேயே டான்ட்சிக்கும் ஃபுல்கர்சனும், ஒரு கால அட்டவணையை நிறைவேற்ற மிகக் குறைவாக எத்தனை எண்ணெய்க் கப்பல் போதும் என்று வழி சொல்லிவிட்டார்கள்.

ஆக, கணக்கு எப்போதோ ரெடி. இன்னும் நல்ல சாஃப்ட்வேர் வந்தால், ஏஐ வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. ஓட்டை இருப்பது ஒப்பந்தக் காகிதத்தில் சார்!

ஒரு பயணத்துக்குக் கப்பலை வாடகைக்கு எடுத்தால், தாமதமில்லாமல் போய்ச் சேரவேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. போய்ச் சேர்ந்த பிறகுதான் 'நான் தயார்' என்று நோட்டீஸ் கொடுக்கலாம். அதை வைத்துத்தான் கடிகாரம் ஓடும். அனுமதித்த நேரம் தாண்டினால் வாடகைக்கு எடுத்தவர் டெமரேஜ் கட்டவேண்டும். பல துறைமுகங்களில் முதலில் வந்தவருக்கே முதல் இடம் வேறு. இப்படி இருந்தால் எந்தக் கேப்டன் மெதுவாகப் போவார்?

ஒரு நாள் எரிபொருள், ஏறத்தாழ வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். மொத்தப் பயணத்துக்கு என்றால் இரண்டாம் அடுக்கு. 4,200 கடல் மைல் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 14 மைல் போனால் 300 மணி நேரம். 12 மைல் என்றால் 350. இரண்டு நாள் லேட், ஆனால் எரிபொருள் கால்வாசிக்கு மேல் மிச்சம். எப்படியும் ஒரு வாரம் வெளியே நிற்கப்போகிற கப்பலுக்கு அந்த இரண்டு நாள் எதற்கு?

ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் 2007 ஜூனில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் நிலக்கரிக்காக நங்கூரம் போட்டு நின்றன. 8-ம் தேதி புயலில் பாஷா பல்கர் என்ற காலிக் கப்பல் நாபிஸ் கடற்கரையில் ஏறிவிட்டது. 22 மாலுமிகளை ஹெலிகாப்டரில் தூக்கினார்கள். கப்பலை மீட்க ஜூலை 2 ஆகிவிட்டது. கேப்டன் நங்கூரத்தை நேரத்தோடு எடுக்கவில்லை என்பதும் உண்மைதான், அவரைக் காப்பாற்ற நான் வரவில்லை. ஆனால் அத்தனை கப்பல்கள் அங்கே வரிசை கட்டி நிற்கவேண்டிய அவசியம் என்ன? பிறகு நியூகாசிலில் வருகை முறையையே மாற்றினார்கள்.

கப்பல்காரர்களின் சங்கமான பிம்கோ 2013-லும் 2021-லும் ஷரத்துகள் எழுதிக் கொடுத்தது. வாடகைக்கு எடுத்தவர் கேட்டால் வேகத்தைக் குறைக்கலாம், அது ஒப்பந்த மீறல் ஆகாது. ஆனால் சரக்கை விற்றவர், வாங்கியவர், பில் ஆஃப் லேடிங் வைத்திருப்பவர் எல்லோரும் ஒத்துவரவேண்டுமே. இந்தச் சிக்கலைப் பிரிப்பது காமர்ஸ்காரன் வேலை. நமக்கோ வணிகச் சட்டப் பேப்பரில் டெமரேஜுக்கு அரைப் பக்கம், கட்டம் நிரப்ப ஒரு யூனிட்.

அடுத்த வாரம் செமஸ்டர். நார்த் வெஸ்ட் கார்னர் நிச்சயம் வரும், நிரப்பிவிட்டு வருகிறேன்.