முயலின் வயிறு

கோழித் தீவனத்துக்குப் பேர்போன நாமக்கல் சீமையில், மக்காச்சோளமும் புண்ணாக்கும் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடைப்பதால், வீட்டில் செல்லமாக வளர்க்கும் முயலுக்கும் அதிலேயே ஒரு பிடி அள்ளி வைத்துவிடுகிற வழக்கம் உண்டு. பிரியத்தின் மிகுதியால் செய்கிற அபசாரம் என்றே அதைச் சொல்வேன். மாவுப் பண்டம் குருட்டுக்குடலில் புளித்து வயிறு உப்பினாலும், வாந்தியெடுக்கும் சக்தியை இயற்கை அளிக்காத அந்த அற்ப ஜீவனுக்கு நார்ச்சத்தே ஜீவாதாரம். வரப்பு அருகம்புல்லை நாள் முழுவதும் கொறிக்கவிட்டு, வேலிமசாலைச் சற்றே வாடவைத்து அளவோடு சேர்ப்பதும், புதிய தீனி எதுவானாலும் சிறுகச் சிறுகப் பழக்குவதுமே முறை. சித்திரக் கதைகளில் முயலை விட்டுப் பிரியாத காரட்டோ சர்க்கரை மிகுந்தது. ஒரு துண்டு போதும். திராட்சைக் கொத்துப்போல் இளகி வரும் எச்சத்தை முயல் தானே குனிந்து உண்பதைக் கண்டு அருவருத்துத் தடுப்பவர்கள், அதிலுள்ள புரதமும் வைட்டமின்களும் மறுமுறை ஜீரணத்தில்தான் அதற்குக் கிட்டுகின்றன என்பதை அறியார். இரையெடுக்காமல், புழுக்கையும் போடாமல் மூலையில் முடங்கிய முயலுக்கு ஓமத் தண்ணீர் புகட்டிக் காலங்கடத்தாமல், 1985-இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அன்றே கொண்டுபோவதுதான் உசிதம்.