ஹாலுக்கு நடுவுல கறுப்புப் பெட்டியா?

பாக்கெட் மணியை மிச்சம் பிடிச்சு, செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஜோடி பெரிய ஸ்பீக்கர் வாங்கிட்டு வீட்டுக்குள்ள நுழையறீங்க. ‘எப்படிப் பாடும்?’னு யாராவது கேட்பாங்களா? ம்ஹூம்! ‘இதை எங்கேடா வைக்கப் போறே?’ - அம்மாவோட முதல் கேள்வியே இதுதான். இதுக்குப் பதில் ரெடி பண்ணாம வாங்கினா, ஸ்பீக்கர் கட்டிலுக்கு அடியிலதான் குடித்தனம் பண்ணும் மக்களே!

கொஞ்சம் நியாயமா யோசிங்க. அந்தப் பெட்டி பாடறது ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம். மீதி 22 மணி நேரமும் சும்மா நிக்கும். பாட்டு கேட்கிற காது உங்களோடது. ஆனா, நாள் முழுக்க அதைப் பார்த்துட்டு, வீடு பெருக்கும்போதெல்லாம் நகர்த்தி வைக்கிறது வேற ஆளு. ஸோ, ‘உங்களுக்கு மியூசிக்கைப் பத்தி என்ன தெரியும்?’னு எகிறாம, பேச்சுவார்த்தைக்கு உட்காருங்க. எதை விட்டுக் கொடுக்கலாம், எதைக் கூடாதுனு தெரிஞ்சுட்டுப் போனா ஜெயம் நிச்சயம். அதுக்குக் கொஞ்சூண்டு பிசிக்ஸ்.

காத்துல சத்தம் செகண்டுக்குச் சுமார் 343 மீட்டர் போகும். கணக்குப் போட்டா, 50 ஹெர்ட்ஸ் பேஸோட அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். 5,000 ஹெர்ட்ஸ் சத்தத்துக்கு வெறும் 7 சென்டிமீட்டர். 7 மீட்டர் அலைக்கு சோபா, டீப்பாய் எல்லாம் தூசு. சுத்திட்டுப் போயிடும். 7 சென்டிமீட்டர் அலை டார்ச் லைட் மாதிரி நேராத்தான் வரும். குறுக்க ஒரு பூ ஜாடி இருந்தாலே காலி!

அதனால, ட்வீட்டர்னு சொல்ற அந்தச் சின்ன வட்டம், நீங்க உட்கார்ந்தா காது எந்த உயரத்துல இருக்குமோ அந்த உயரத்துல, எதுவும் மறைக்காம இருக்கணும். இதுல நோ காம்ப்ரமைஸ்.

அடுத்து சுவர். பெட்டியைச் சுவரோட ஒட்டி வெச்சா பேஸ் ஏறும். மூலையில வெச்சா இன்னும் ஏறும். பாடகர் குரல் அமுங்கி, ‘டொம் டொம்’ மட்டும் கேட்கும். ஒரு முழமாவது தள்ளி வைக்கணும். ‘நடக்கிற வழியில நிக்குதேடா’னு அம்மா சொல்றாங்களா? தரையில டேப் ஒட்டி அடையாளம் வெச்சுக்கங்க. கேட்கும்போது முன்னால இழுங்க, முடிஞ்சதும் பின்னால தள்ளுங்க. ரெண்டு பேருக்கும் சந்தோஷம்.

ஷோகேஸ்தான் ஒரே இடமா? பெட்டியோட முகம் அலமாரி விளிம்புக்கு வர்ற மாதிரி இழுத்து வைங்க. பெட்டியில ஓட்டை இருந்தா, பழைய சாக்ஸைச் சுருட்டிச் செருகுங்க (துவைச்சது பாஸ்!). பேஸ் கொஞ்சம் குறையும், ஆனா அந்த ‘டொம் டொம்’ அடங்கும். அடியில ஒரு மவுஸ் பேட் போட்டா அலமாரி அதிர்வதும் குறையும்.

கலர், ஒயரை மறைக்கிறது இதெல்லாம் முழுக்க அம்மா டிபார்ட்மென்ட். முன்னால துணி போடணும்னாலும் ஓகே. துணியை வாயில வெச்சு ஊதிப் பாருங்க. காத்து தாராளமாப் போனா பாட்டும் போகும். ஸ்பீக்கர் மேல பொம்மை வைக்கிறது மட்டும் வேணாம். குத்துப்பாட்டுக்கு அதுவும் ஆடி, கீழே குதிச்சிடும்!

‘சின்னதா வாங்கித் தொலையேன்டா?’ - நல்ல கேள்வி. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைஞ்ச பவர்ல நிறைய சத்தம்... இந்த மூணுல ரெண்டுதான் கிடைக்கும். இதுக்கு ‘ஹாஃப்மனின் இரும்பு விதி’னு பேர். 1954-ல அமெரிக்காவுல எட்கர் வில்ச்சர் காத்துப் புகாத பெட்டி செஞ்சு, உள்ளே அடைபட்ட காத்தையே ஸ்பிரிங்கா வேலை வாங்கினார். பெட்டி சின்னதாச்சு, பேஸும் வந்துச்சு. ஆனா, ஆம்ப்ளிஃபயருக்கு நல்ல பவர் தேவைப்பட்டுச்சு. விதி சும்மா விடுமா? 2019-ல ஐகியாவும் சோனோஸும் சேர்ந்து மேஜை விளக்குக்குள்ளேயே ஸ்பீக்கரை வெச்சு வித்தாங்க. அம்மாவோட கேள்வி உலகம் பூரா இருக்கு பாருங்க!

இன்னொரு வழி, சின்ன ஸ்பீக்கரோட ஒரு சப் வூஃபர். சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் எந்தத் திசையில இருந்து வருதுனு காதுக்குச் சரியாத் தெரியாது. அதனால பேஸ் பெட்டியை சோபாவுக்குப் பக்கத்துல ஒளிச்சிடலாம்.

ஃப்ரெண்ட்ஸோட வாடகை வீட்டுல இருக்கீங்களா? அழகைப் பத்தி யாருக்கும் கவலை இல்லை, தூக்கம்தான் பிரச்னை. அந்த 7 மீட்டர் அலை சுவரைத் தாண்டி அடுத்த ரூமுக்கும் போகும், நாளைக்குப் பரீட்சை இருக்கிறவன் தலையணைக்கும் போகும். 2000-ல வந்த ஒலி மாசு விதிப்படி, குடியிருப்புப் பகுதியில ராத்திரி 10 மணியில இருந்து காலையில 6 மணி வரைக்கும் 45 டெசிபல்தான் அளவு. பத்து மணிக்கு மேல ஹெட்போன், சரியா?

கடைசியா ஒரு ரகசியம். நம்ம வீட்டு ஹால்ல பெரும்பாலும் டைல்ஸ் தரை, வெறும் சுவர். பட்ட சத்தமெல்லாம் எதிரொலிக்கும். கனமான திரைச்சீலை, துணி போட்ட சோபா, தரையில ஒரு ஜமுக்காளம் வந்தாலே கூர்மையான சத்தம் அடங்கி, பாட்டு தெளிவாகும். ரொம்ப நாளா அம்மா கேட்டுட்டு இருக்கிற அந்தத் திரைச்சீலையை அடுத்த ஸ்டைபண்ட்ல வாங்கிக் கொடுங்க. மாட்டின அன்னிக்கு, ரெண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்துல இருக்கிற நாற்காலியில அவங்களை உட்கார வெச்சு, அவங்களுக்குப் பிடிச்ச பழைய பாட்டைப் போடுங்க. அந்த ஒரு முழம் இடத்தை அப்புறமா கேளுங்க!