ஏற்றிய ஜாக்கி தானாக இறங்குவது ஏன்?

‘‘அப்பா 1970-களில் வாங்கிய டிராலி ஜாக்கி பல வருடங்களாக மூலையில் கிடந்தது. பட்டறையில் கொடுத்து சீல், வாஷர் எல்லாம் புதிதாக மாற்றினேன். இப்போது டிராக்டர் டிரெய்லரைத் தூக்குகிறது. ஆனால், பத்து நிமிடத்தில் நாலு விரற்கடை இறங்கிவிடுகிறது. அடியில் படுத்து கிரீஸ் வைப்பது என் மகன். பயமாக இருக்கிறது. திரும்பவும் பிரிப்பதா, எடைக்குப் போட்டுவிடுவதா?’’

- வாசகர், மணப்பாறை.

முதலில் ஜாக்கியை நம்பி மகனை அடியில் அனுப்புவதை நிறுத்துங்கள். புது ஜாக்கியாக இருந்தாலும் இதே பதில்தான். டிரெய்லரைத் தூக்கியதும் அச்சுக்குக் கீழே இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, ஜாக்கியை இறக்கி, பாரம் முழுக்க ஸ்டாண்டில் உட்கார்ந்த பிறகே அடியில் போக வேண்டும். ஸ்டாண்டு இல்லாதவர்கள் கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கலாம். செங்கல், ஹாலோ பிளாக் கூடவே கூடாது. எச்சரிக்கை எதுவும் காட்டாமல் நொறுங்கிவிடும்.

இனி உங்கள் ஜாக்கிக்கு வருவோம். உடனே பிரிக்க வேண்டாம். காலி டிரெய்லரைத் தூக்கி, ஸ்டாண்டை ஒரு விரற்கடை இடைவெளியில் வைத்துவிட்டு, ஜாக்கியின் கைப்பிடியைக் கவனியுங்கள். பாதி நோயை அதுவே சொல்லிவிடும்.

பாரம் இறங்கும்போது கைப்பிடி தானாக மேலே எழுகிறதா? அடிக்கும்போது ஏறி, கைப்பிடியைத் தூக்கும்போது ஏறிய அளவே இறங்குகிறதா? அப்படியானால், பம்புக்கும் பெரிய பிஸ்டனுக்கும் நடுவில் உள்ள பால்ரஸ் குண்டு சரியாக உட்காரவில்லை. போன எண்ணெய் பம்புக்கே திரும்பி வருகிறது. கைப்பிடி அசையாமல் இருக்க, வெளியே கசிவும் இல்லாமல் பாரம் மட்டும் இறங்கினால், இறக்குவதற்குத் திருகும் ரிலீஸ் வால்வுதான் காரணம். உங்கள் கடிதத்தைப் படித்தால் எனக்கு இதன் மேல்தான் சந்தேகம். பெரிய பிஸ்டன் வெளியே வரும் வாயில் எண்ணெய் ஈரம் தெரிந்தால் சீல் போய்விட்டது. அந்தக் கசிவை விரலால் தடவிப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கு, ஊசிமுனை ஓட்டையில் பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கைப்பிடி தளதளவென்று ஆடி, எதுவுமே ஏறவில்லை என்றால் அது வேறு கதை. உள்ளே காற்று இருக்கலாம். ஜாக்கியை முழுக்க இறக்கி, எண்ணெய் ஊற்றும் மூடியையும் ரிலீஸ் வால்வையும் திறந்துவைத்து, பதினைந்து இருபது முறை வேகமாக அடித்து, பிறகு மூடுங்கள். எண்ணெயும் முழுக்க இறக்கிய நிலையில்தான் ஊற்ற வேண்டும். ஏற்றிய நிலையில் நிரப்பினால், இறக்கும்போது திரும்பி வரும் எண்ணெய்க்கு இடம் இருக்காது.

குண்டுதான் கோளாறு என்றால் செலவு அதிகம் இல்லை. குண்டைக் கழற்றி, அது உட்காரும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பனியன் வேஸ்ட்டால் துடைத்திருந்தால் ஒரு நூலிழை போதும், ஜாக்கி இறங்க. மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்துக் காயவிடுங்கள். இருக்கையில் புள்ளி புள்ளியாகத் துரு தெரிந்தால், பழைய குண்டை வைத்து, பித்தளைக் கம்பியால் சின்னச் சுத்தியலில் ஒரே ஒரு தட்டு. பிறகு அதே அளவில் புதுக் குண்டு போடுங்கள். பல ஜாக்கிகளில் உறிஞ்சும் பக்கம் ஒரு அளவு, தள்ளும் பக்கம் வேறு அளவு இருக்கும். பட்டறையில் மாற்றிப் போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. வெர்னியரில் அளந்து பாருங்கள். ரிலீஸ் வால்வை ஸ்பேனர் போட்டு முறுக்கி இறுக்குவது நம் ஊர்ப் பழக்கம். இருக்கை பள்ளமாவதே அதனால்தான்.

பட்டறைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ‘என்ன சீல் போட்டீர்கள், என்ன எண்ணெய் ஊற்றினீர்கள்?’ பழைய ஜாக்கிக்கு அளவான சீல் கிடைக்காதபோது, பிரேக் சிலிண்டர் பக்கெட்டைப் போட்டுவிடுவார்கள். அந்த ரப்பர் பிரேக் ஆயிலுக்கு ஏற்றது. ஹைட்ராலிக் ஆயிலில் ஊறினால் உப்பிக் கொழகொழவென்று ஆகிவிடும். ஜாக்கிக்கான நைட்ரைல் சீலைப் போட்டு பிரேக் ஆயில் ஊற்றினாலும் சீல் கெடும். தவிர, பிரேக் ஆயில் ஈரத்தை இழுப்பதால் உள்ளே துருவும் ஏறும். மீதி சீல் ஒன்று இருந்தால், ஊற்றிய எண்ணெயிலேயே மூன்று நாள் போட்டு, முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். பருத்திருந்தால் எல்லா சீலையும் மாற்றத்தான் வேண்டும். நைட்ரைல் சீலுக்கு 32 கிரேடு ஹைட்ராலிக் ஆயில் போதும். உங்களுடையது தோல் வாஷர் போட்ட ஜாக்கி என்றால், புது வாஷரை ஓர் இரவு எண்ணெயில் ஊறவைத்து மாட்டுங்கள். ரப்பரோ, தோலோ, அதன் விளிம்பு அழுத்தம் வரும் பக்கம் பார்த்திருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் காலி டிரெய்லரைத் தூக்கி, உயரத்தைச் சாக்பீஸில் குறித்து, ஒரு மணி நேரம் விடுங்கள். இதைச் சிமென்ட் தரையில் செய்ய வேண்டும். டிராலி ஜாக்கியின் கை வளைவாக மேலே போவதால், ஏற ஏறச் சக்கரம் உருண்டு கொடுக்க வேண்டும். களத்து மண்ணில் சக்கரம் புதைந்தால் பாரம் நழுவிவிடும்.

கோடு நகராமல் நின்றால் ஜாக்கியைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். குண்டு, சீல் இரண்டையும் சரிசெய்த பிறகும் இறங்கினால், பிஸ்டனையும் சிலிண்டர் உட்சுவரையும் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டும் அளவுக்குக் கீறலோ, துருப் பள்ளமோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடுங்கள்.